வலைப்பையில் தொங்கிய ஆர்க்கிட்

காந்தி மார்க்கெட்டில் என் பூண்டுக் கடைக்கு அடுத்த கடை ரத்தினவேலுடையது. முப்பது வருஷமாகச் சின்ன வெங்காயம். மூட்டையை அவிழ்க்காமலே மூக்கை மட்டும் கிட்டே கொண்டுபோய், "உள்ளே நாலு அழுகியிருக்கு சாதிக் பாய்" என்பார். கொட்டிப் பார்த்தால் நாலுதான் இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷனை வீட்டில் தயிருக்கு உறை ஊற்றக்கூட நம்பமாட்டார் அவர் மனைவி ஆனந்தவள்ளி. நம்பி விட்ட இரண்டு தடவையும் பால் பாலாகவே இருந்ததாம்.

அந்த ஆனந்தவள்ளி, மகள் வேணியின் இரண்டாவது பிரசவத்துக்காக மூன்று மாதம் பெங்களூர் போகும்போது, தன் ஆர்க்கிட் செடியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வேணி வாங்கித் தந்த செடி. ஒரே ஒரு தடவை ஊதாவாகப் பூத்தது. மறுபடி பூக்கும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார். "இதையாவது உருப்படியாப் பாத்துக்குங்க" என்றாராம். அதை என்னிடம் சொன்னபோது ரத்தினவேல் தேர்தலில் சீட் கிடைத்தவர் மாதிரி இருந்தார். இந்த ஒரு காரியத்திலாவது வீட்டில் நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கவலை.

பத்தாவது நாள் கலவரமாக வந்தார். "பாய், வேரெல்லாம் தொட்டியை விட்டு வெளியே எட்டிப் பாக்குது. உள்ளே மண்ணே இல்ல. வெறும் தேங்காய் மட்டைத் துண்டுதான்."

தெரியாத விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. "மண்ணில்லாம எது வளரும்? கடைக்காரன் ஏமாத்தியிருக்கான். நல்ல வண்டல் மண்ணு, மக்கின சாணி, பெரிய தொட்டி. வேரை உள்ளே தள்ளி மூடுங்க" என்றேன். பாலக்கரையில் மச்சான் வீட்டு மாடியில் கிடந்த தொட்டியையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றே வாரத்தில் அடி இலை மஞ்சளாகித் தொங்கியது. ஆனந்தவள்ளி தினமும் வீடியோ காலில் வருவார். "உங்க மூஞ்சி இருக்கட்டும், செடியக் காட்டுங்க" என்பார். இவர் மஞ்சள் இலையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நல்ல இலையைக் காட்டுவார். பிறகு நல்ல இலையும் தொய்ந்தது. "சிக்னல் சரியில்ல வள்ளி" என்று போனை வைத்துவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்தார்.

"என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தா பாய். அதையும் கெடுத்துட்டேன்."

கேட்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும், "இன்னும் கொஞ்சம் சாணி போட்டுப் பாப்பமா?" என்றேன்.

நல்லவேளை, அவர் காதில் வாங்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் நேராகச் செடியைப் பிடுங்கினார். வேரை மூக்கருகே கொண்டுபோனதும் முகம் மாறியது. "பாய், மழையில நனைஞ்ச மூட்டை வாசனை! ஈரத்துல மூச்சு முட்டி அழுகியிருக்கு. இதுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்."

அதற்கப்புறம் நான் பார்த்தது கடையில் பார்க்கிற ரத்தினவேலை. ஒவ்வொரு வேராக விரலால் அமுக்கினார். கொழகொழத்ததையெல்லாம் நெருப்பில் காட்டிய கத்தரியால் நறுக்கினார். கெட்டியாக நாலு வேர் மிஞ்சியது. போனில் எதையோ பார்த்து, வெட்டின இடத்தில் பட்டைத் தூளைத் தடவினார். "பிரியாணியா போடுறீங்க?" என்றேன்; அவர் அடுத்த வேருக்குத் தூளை எடுத்தார். சாக்கில் வைத்து ஒரு நாள் நிழலில் உலர்த்தினார். மறுநாள் தேங்காய் மட்டைத் துண்டையும் அடுப்புக் கரியையும் கலந்து, வெங்காயம் போடும் சிவப்பு வலைப்பையில் நிரப்பினார். செடியை அதில் நிறுத்திக் கட்டி, காலை வெளிச்சம் வரும் சமையலறை ஜன்னலில் தொங்கவிட்டார். வாரத்துக்கு இரண்டு முறை, காலையில் மட்டும் தண்ணீர். ஊற்றியது முழுக்க வடிந்தாக வேண்டும். ஒன்றரை மாதத்தில் பச்சை முனையோடு ஒரு புது வேர் வலையை விட்டு வெளியே வந்தது. இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை.

ஆனந்தவள்ளி திரும்பி வந்த அன்று, பேரக் குழந்தையின் போட்டோ பார்க்கிற சாக்கில் நானும் போயிருந்தேன். பையைக் கீழே வைக்காமலே ஜன்னலைப் பார்த்தார். போகும்போது ஏழு இலை, இப்போது மூன்று. ரத்தினவேல் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார், மஞ்சள் இலையைச் சுவர்ப் பக்கம் திருப்பியது உட்பட.

"மண்ணுல வைக்கச் சொன்னது யாரு?"

"நானாத்தான் வச்சேன்" என்றார், என் பக்கம் திரும்பாமல்.

மூன்று மாதமாக இந்த மனுஷன் எதற்காகத் தவித்தாரோ, அதை எனக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். "நான்தான் சொன்னேன் தங்கச்சி. தொட்டியும் நான் கொடுத்ததுதான்" என்றேன்.

"தெரியும் பாய். அவரா இருந்தா இவ்வளவு தூரம் யோசிக்கமாட்டார்."

அந்தப் பச்சை முனையை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார் ஆனந்தவள்ளி. பிறகு கணவரிடம், "சித்திரையில மறுபடி போகணும். அப்பவும் இது உங்க பொறுப்புதான். பாய்கிட்ட மட்டும் எதையும் கேக்காதீங்க" என்றார்.

மறுநாள் காலை நிமிர்ந்த நடையோடு கடைக்கு வந்த ரத்தினவேல், என்னிடம் மணி என்னவென்றுகூடக் கேட்கவில்லை.