பாதியில் நின்ற குழிகள்

முந்தாநாள் விழுப்புரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் டிவி மாட்ட ஒருவர் வந்தார். மூன்று துளை போட்டார். நாலாவது பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. "டீ சாப்ட்டு வர்றேன் சார்" என்று போனவர் இன்னும் டீ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சுவரில் அரை விரல் ஆழத்துக்கு ஒரு குழி, தரையில் சாம்பல் நிறத் தூள். அந்தத் தூளின் வாசனை மூக்கில் ஏறியதும் நான் ஒரு மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், குப்புறக் கிடந்தேன். உடம்பு மட்டும் சோபாவில்தான் இருந்தது.

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், மேலே போகிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திண்டிவனத்தில் நிலம் அளக்கும் பிரிவில் தற்காலிக வேலை. சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். அதற்கு நான் பேன்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போவேன். வீரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: தீபாவளிக்கு நான் கொளுத்திய அதிகபட்ச ஆயுதம் பாம்பு மாத்திரை.

ஒலக்கூர் பக்கம் ஒரு குன்று. மூன்று தலைமுறையாகக் கல் உடைத்துக்கொண்டிருந்த இடம். ஒரு பக்கத்துச் சரிவில் கொஞ்சம் செம்மண் திட்டு உண்டு. கல் உடைத்தவர்களை அதில்தான் புதைத்தார்கள். வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர், மற்றவர் என்று பிரிக்காமல் எல்லாருக்கும் ஒரே இடம். ஆனால் சர்க்கார் கணக்கில் அது கல்லாங்குத்து, அதாவது வெறும் கல் தரை. குவாரியைக் குத்தகை எடுத்தவர் அந்தச் சரிவையும் சேர்த்துக் கேட்டிருந்தார். அங்கே கல் சுமக்கும் ஞானம்மா என்கிற பெண், பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மனு கொடுத்துவிட்டார். இடத்தைப் பார்த்து முடிவு எழுதத் துணை தாசில்தார் வருகிறார். மயானம் என்று எழுதினால் தப்பிக்கும். இல்லையென்றால் அடுத்த வாரமே வெடி வைப்பார்கள்.

நான் முதல் பஸ்ஸில் போய்ச் சங்கிலியோடு சரிவில் ஏறினேன். முப்பது நாற்பது நட்ட கல். ஒவ்வொன்றின் தலையிலும் வெடிக்காகப் போட்டது போல ஒரு குழி. ஒவ்வொரு குழியிலிருந்தும் கருகிய முனையோடு ஒரு நூல் வெளியே தொங்குகிறது. சற்றுத் தள்ளிப் பெண்கள் அசையாமல் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள். ஒருத்தி கையில் தீப்பெட்டி.

எனக்குப் புரிந்துவிட்டது. இடம் போகிற கோபத்தில் மொத்தச் சரிவுக்கும் வெடிமருந்து வைத்துவிட்டார்கள். சங்கிலியை எறிந்தேன். "வெடி, வெடி" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடினேன். செருப்பு ஒரு பக்கம், இஸ்திரி ஒரு பக்கம்.

குவாரியில் ஒரு பழக்கம். வெடி என்று யார் கத்தினாலும், ஏன் எங்கே என்று கேட்காமல் ஓட வேண்டும். குத்தகைதாரரின் ஆட்கள் ஓடினார்கள். அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கிய துணை தாசில்தாரும் ஓடினார். எல்லாரும் மல்லாட்டைக் கொல்லை வரப்புக்குப் பின்னால் வரிசையாகக் குப்புறப் படுத்தோம். நான் காதைப் பொத்திக்கொண்டு, தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். வேதக்காரர் சாமியையும் விடவில்லை.

வெகுநேரம் ஒன்றும் வெடிக்கவில்லை. ஞானம்மா வரப்பு மேல் வந்து நின்றார்.

"எழுந்திருங்க சார். நீங்க வந்ததும் வெளக்கு ஏத்தலாம்னு பழைய திரியே போட்டு எண்ணெ ஊத்தி வச்சிகினு ஒக்காந்துனு இருக்கோம். செத்தவங்க எங்கியாவது வெடிப்பாங்களா?"

பிறகு என்னைப் பார்த்து, "இந்தத் தம்பி காலுதான் மிசினாட்டம் போவுது" என்றார். பெண்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு அந்த வரப்பிலேயே ஒரு கல் நட்டிருக்கலாம்.

துணை தாசில்தார் சிரிக்கவில்லை. சட்டையில் மண், முகத்தில் கடுகடுப்பு. "ஒரு கல்லுலயும் பேரு இல்ல. ஓட்டதான் இருக்குது. குவாரியில எல்லாக் கல்லுலயும்தான் ஓட்ட இருக்குது. எத வச்சும்மா நான் சுடுகாடுன்னு எழுதறது?"

"எங்களுக்கு எழுதத் தெரியாது சார். அதான் குழி" என்றார் ஞானம்மா. "வேலையில இருக்கசொல்ல ஒரு ஆளு செத்துட்டா, கடைசியா அவரு உளி வச்ச குழிய வேற யாரும் தொட மாட்டோம். அந்தக் கல்லயே வெட்டியாந்து, குழி மேல பாக்கறாப்பல தலமாட்டுல நட்டுருவோம். வருசத்துக்கு ஒருக்கா அதுல எண்ணெ ஊத்தி வெளக்கு."

"இதெல்லாம் நேத்து நட்ட கல்லு இல்லன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் முதுவ காட்டிகினு நிக்கறேன். தம்பிய அளக்கச் சொல்லுங்க."

அப்படியே நின்றார். நான் குழிக்குள் ஸ்கேலை விட்டேன். கை எண்ணெயாயிற்று. வரிசையைச் சொன்னதும் பதில் வந்தது. "மொத வரிசை நாலாவதா? எங்க அப்பா. அரைச் சாணு." சரியாக அரைச் சாண். "அதுக்குப் பக்கத்துல அந்தோணி பெரியப்பா. முழுசா முடிக்கப் போனாரு, நாலு விரக்கட கொறைஞ்சுபோச்சு. எண்ணெ ரொம்பக் குடிப்பாரு. இருக்கசொல்லவும் அப்பிடித்தான்." வருஷா வருஷம் எண்ணெய் ஊற்றிய கை. ஒவ்வொருவரும் எவ்வளவு பிடிப்பார்கள் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தவறிய நான் வாயைத் திறந்துகொண்டு எழுதினேன்.

கடைசி வரிசையில் ஒரு கல். அதில் ஸ்கேல் இறங்கவே இல்லை. மேலே லேசாக உளி பட்ட தடம் மட்டும். எண்ணெய் நிற்க இடமில்லாமல் பக்கத்தில் அகல் வைத்திருந்தார்கள்.

"இதுல ஆழமே இல்லியேக்கா. இன்னான்னு எழுதறது?"

ஞானம்மா திரும்பவில்லை. "மூணு கொத்துன்னு எழுது தம்பி. எங்க வூட்டுக்காரரு. கண்ணாலம் ஆன மறுவாரம் வேலைக்கு வந்தாரு. அன்னிக்கே மேல இருந்து கல்லு சரிஞ்சிச்சு."

துணை தாசில்தார் பேனாவை என்னிடமிருந்து வாங்கி, ஆழம் எழுதும் கட்டத்தில் 'மூன்று கொத்து' என்று தன் கையாலேயே எழுதினார். சரிவு முழுவதையும் மயானம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்லறையைக் காப்பாற்றப் பெரிய இடங்களில் குழு அமைப்பார்கள், பலகை வைப்பார்கள். இங்கே ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

போன மாசம் அந்தப் பக்கம் போயிருந்தேன். குவாரியை மூடிப் பல வருஷம் ஆகிறது. உளிச் சத்தம் இல்லை. அதற்குப் பின் வந்த மிஷின் சத்தமும் இல்லை. கடைசி வரிசையில் அந்த மூன்று கொத்துக் கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல் நட்டிருக்கிறார்கள். ஞானம்மா கல் சுமந்தவரே ஒழிய குழி போட்டவர் இல்லை. அதனால் கல் வழவழவென்று இருக்கிறது. யாரோ பேர் எழுதியிருக்கிறார்கள்.

குன்று இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. அந்தச் சரிவை மட்டும் விட்டுவிட்டு, மூன்று பக்கமும் செங்குத்தாக வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மலையில் இன்றைக்கு மிச்சம் இருப்பது, அதை உடைத்தவர்கள் படுத்திருக்கிற அளவுதான்.