ஒரு சொட்டு எண்ணெய்

முப்பத்தெட்டு வயதில்தான் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதற்கு முன் பதினாறு வருடம் ஆடை ஆலையில் சட்டைக் காலர் தைத்தவள். ஆலையை மூடியதும் தெருவே "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டியது. அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் நேராக ஓட்டுநர் பள்ளிக்குப் போய் நின்றாள். தேர்வில் இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறை, பின்பக்கமாக வளைத்து நிறுத்தச் சொன்ன கோட்டில் விரல்கடை பிசகாமல் நிறுத்தினாள். எதையும் பிடித்தால் உடும்புப்பிடிதான்.

அவள் புருஷன் தையல் மிஷின் பழுது பார்ப்பவர். தெருவில் அவருக்கு "ஒருசொட்டு" என்று பெயர். எந்த மிஷின் முனகினாலும் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியை எடுத்து, "ஒரே சொட்டு, வாயை மூடிக்கும்" என்பார். மூடிக்கொள்ளும். கதவுக் கீல், மின்விசிறி, பக்கத்து வீட்டு ஊஞ்சல் என்று வீட்டிலும் தெருவிலும் அவர் குப்பிக்குத் தப்பியது எதுவும் இல்லை. மனைவி வாயை மட்டும் அந்த எண்ணெயால் மூட முடியவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. வாரத்தில் மூன்று நாள், சிறுநீரகத்துக்காக ரத்தம் சுத்தம் செய்துகொள்ளும் மூன்று பேரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கொண்டுவந்து விடுவதுதான் அவளுடைய நிலையான பிழைப்பு. அந்தப் பிழைப்புக்குத்தான் கண்டம் வந்திருந்தது. ஒரு மாதமாகப் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் இடது முன்சக்கரம் கிறீச்சென்று கத்தியது. பயணிகளில் ஒருவர் ஓய்வுபெற்ற பத்திரப்பதிவு குமாஸ்தா. எழுதாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஆஸ்பத்திரிப் புகார்ப் புத்தகத்தில், 'வாகனம் நிற்கும்போதெல்லாம் என் இதயமும் நிற்கிறது' என்று எழுதிவைத்துவிட்டார். இன்னொரு புகார் வந்தால் வேறு வண்டிதான் என்று ஆஸ்பத்திரி ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

வந்த திங்கட்கிழமை அதிசயம் நடந்தது. வண்டி கத்தவில்லை. குமாஸ்தா வாயைத் திறந்துகொண்டு வழியெல்லாம் தூங்கினார். ஆனால் பிரேக் போட்டபோது ஸ்டீயரிங் லேசாக வலப்பக்கம் இழுத்தது. டயரில் காற்று குறைந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சத்தம் போன சந்தோஷத்தில் புத்தியும் கொஞ்சம் போய்விட்டது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் காற்றழுத்தம் பார்க்க அவள் குனிந்தபோது, புருஷன் காபி டம்ளரோடு வந்து நின்றார்.

"எப்படி? சத்தம் காணோமில்ல?"

"ஆமாங்க. தானா போயிடுச்சு."

"தானாவா?" அவர் முகம் மலர்ந்தது. "ஞாயித்துக்கிழமை நீ துணி மடிச்சிட்டிருந்தப்ப, சக்கர ஓட்டை வழியா விட்டேன். ஒரு சொட்டு."

அவள் எழுந்தாள்.

"ஒரு சொட்டா?"

"சரி, ரெண்டு மூணு."

"அது பிரேக்குங்க! உங்க மிஷின் வழுக்கிட்டு ஓடணும். இது வழுக்காம கவ்வணும். திங்கக்கிழமை மூணு பேர வச்சு ஓட்டினேனே!"

நல்லது செய்கிறேன் என்று வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை. அவர் டம்ளரைச் சுவர்மேல் வைத்தார்.

கோபப்பட அவளுக்கு நேரமில்லை. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினாள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்வுகிற பிரேக் பேட் இரண்டும் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தன. துடைத்துப் போட்டால் போதாது, தூக்கித்தான் எறிய வேண்டும். உட்பக்கப் பேட் அட்டை கனத்துக்குத் தேய்ந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு. பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்தி, 'மாற்று' என்று சொல்வதற்கென்றே வைத்த தகடு. ஒரு மாதம் அது தொண்டை வறளக் கத்தியிருக்கிறது. அதன் வாயில்தான் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்.

"இது மட்டும் ஏன் இவ்வளவு தேஞ்சிருக்கு?" என்றார் அவர் மெல்ல. பேடுகளை அழுத்தும் இரும்புக் கவ்வியை அசைத்துப் பார்த்தார். "இந்தா பாரு, இந்த முளை இறுகிப்போச்சு. மிதிச்சா கவ்வி நகருது, விட்டா திரும்பல. அதான் தேஞ்சுக்கிட்டே இருந்திருக்கு."

அது அவருக்குத் தெரிந்த வேலை. அவர் முளையை உருவித் துரு சுரண்டி எடுக்க, அவள் கடை திறக்கும்போதே வாசலில் நின்று புதுப் பேட் வாங்கி வந்தாள். இடது, வலது முன்சக்கரம் இரண்டுக்கும் வாங்கினாள். ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் வண்டி இழுக்கும். டிஸ்க்கைப் பிரேக் கழுவும் ஸ்ப்ரே அடித்து நான்கு முறை துடைத்தாள். முளைக்கும் பேடின் முதுகுக்கும் பிரேக்குக்கான கிரீஸ் தடவினாள். பேடின் முகத்தைத் தொடக்கூட அவரை விடவில்லை. பெடலை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கிவிட்டு, புதுப் பேட் டிஸ்க்கில் படிவதற்காக ஆளில்லாத பின்தெருவில் ஓட்டி, பிரேக் போட்டு, ஓட்டி, பிரேக் போட்டு, முப்பது தடவை. கால் கடுத்தது. மணி பத்தேமுக்கால் ஆகிவிட்டது. மூவருக்கும் போன் செய்து, அரை மணி தாமதமாகும் என்றாள்.

குமாஸ்தா கொதித்துக்கொண்டு ஏறினார். "சத்தமில்லாத வண்டி கேட்டேன். நேரமில்லாத வண்டியா கேட்டேன்?"

பழுது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு வரவில்லை. திங்கட்கிழமை அவர்களை எந்தப் பிரேக்கோடு ஏற்றிப்போனாள் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிழைப்பே போகலாம் என்று தெரிந்தும் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நேராக, இழுக்காமல் நின்றது.

குமாஸ்தா இறங்கி, விறுவிறுவென்று போய்ப் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். வெகுநேரம் எழுதினார். அவள் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். எழுதியதை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அவர் உள்ளே போய்விட்டார்.

'இன்று முப்பது நிமிடத் தாமதம். காரணம் விசாரிக்கப்பட்டது. ஓட்டுநர் தன் தவறைத் தானே சொன்னார். இவர் ஓட்டும் வண்டியில் மட்டுமே வருவேன் என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.'