ஸ்டுடியோவுக்கு வந்த மூங்கில் கம்பு

பதினொரு வயதில் என் தலைமுடி இடுப்பைத் தாண்டித் தொங்கும். அதனால் வந்த வினைதான் இதெல்லாம்.

நாங்கள் செகந்திராபாத்தில் ரயில்வே காலனியில் இருந்தோம். அப்பாவுக்குப் பட்டறையில் வேலை. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது பேர் கேட்டால்கூட அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்வேன். அப்பாவும் அப்படித்தான். எதிரில் ஆபீஸர் வந்தால் சுற்றுவழியாகப் போகிறவர்.

அதற்கு முந்தின வருஷம், பட்டறையில் அப்பாவோடு வேலை செய்த ஒருவர் கரண்ட் அடித்து இறந்துபோனார். அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தாராம். அதைப்பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. காரியம் முடிந்த பிறகு காய்ந்த மூங்கில் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து மீட்டர் பெட்டிக்குக் கீழே சாத்திவைத்தார். அன்றிலிருந்து நாங்கள் யாரும் ஸ்விட்சைக் கையால் தொடக்கூடாது. மணைப்பலகைமேல் ஏறி நின்று, கம்பு நுனியால் தட்டித்தான் விளக்குப் போடவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

"இன்னாங்க, உங்க வூட்ல மாட்டையும் வெளக்கையும் ஒரே கம்புலதான் ஓட்டுவீங்களா?"

அப்பா கம்பைத் துடைத்துத் திரும்ப மீட்டர் பெட்டிக்குக் கீழே சாத்திவைப்பார்.

ஒருநாள் தம்பி பிளக் ஓட்டையில் ஆணியை விட்டுவிட்டான். அப்பா பாய்ந்துபோய் அந்தக் கம்பை எடுத்து, அவன் கையிலேயே ஓங்கி ஒன்று போட்டார். மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. எங்களை ஒரு சொல் அதட்டாத மனிதர் அவர். அடித்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. கரண்டைத் தொட்டால் கம்படி விழும் என்று நான் மனதில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு காலேஜில் சாமான் எடுத்துக்கொடுக்கும் வேலையில் இருந்தார். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அந்த காலேஜ் ஸார் டி.வி.யில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடம் நடத்துவார். கண்ணாடிக் குழாய், பம்பு, காந்தம் எல்லாவற்றையும் மாமாதான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார். ஒருநாள் காலை, அப்பா ஷிப்டுக்குப் போன பிறகு, மாமா வந்து நின்றார்.

"அக்கா, பாப்பாவை இன்னிக்கு அனுப்பு. நீளமா முடி இருக்கிற பொண்ணு வேணுமாம். நான் சொல்லிட்டேன் ஸார்கிட்ட."

"அது வாயே தெறக்காதேடா."

"வாய் யாருக்கு வேணும்? தெலுங்கு ப்ரோக்ராம். ஸார் பேசுவாரு, இது நின்னா போதும்."

மகள் டி.வி.யில் வரப்போகிறாள் என்றதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தேங்காய் எண்ணெயை உள்ளங்கை வழிய ஊற்றி, மயிர்க்கால்வரை இறங்கத் தேய்த்து, இழுத்து இரட்டைப் பின்னல் போட்டு, கனகாம்பரமும் வைத்தாள். கிளம்பும்போது மாமா வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"அத்தான் கிட்ட சொல்லிடாதே. கொஞ்சம் கரண்ட் வேலை. ஒண்ணும் ஆவாது."

அம்மாவின் முகம் மாறியது. ஆனால் ஸாரிடம் சொல்லியாகிவிட்டதே. நான் பயத்தோடுதான் பஸ்ஸில் ஏறினேன்.

ஸ்டுடியோவுக்குள் ஐஸ் பெட்டிபோலக் குளிர். ஸார் என் தோளைத் தட்டி, இன்றைக்கு நீதான் என் அசிஸ்டெண்ட் என்று தெலுங்கில் சொன்னார். சீப்பு கொடு என்றால் கொடுத்தேன். பலூன் கொடு என்றால் கொடுத்தேன். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைக் குதிக்கவைத்தார். அதுவரைக்கும் பயம் கொஞ்சம் அடங்கியிருந்தது. பிறகு மாமா ஒரு மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

தூண்மேல் ஒரு பெரிய குடத்தைக் கவிழ்த்ததுபோல உருண்டையாக, பளபளவென்று இருந்தது. உள்ளே ரப்பர் பட்டை ஓடும் சத்தம். ஸார் ஒரு கம்பியைப் பக்கத்தில் கொண்டுபோனார். பட்டென்று நீலமாக ஒரு பொறி.

மாமா ஒரு முக்காலியைப் போட்டார். "இது மேல ஏறி நில்லு. உருண்டை மேல கைய வை. ஸார் சொல்றவரைக்கும் எடுக்கவும் கூடாது, கீழ எறங்கவும் கூடாது."

வீட்டிலும் பலகைமேல் நிற்கவைக்கிறார்கள், இங்கேயும் நிற்கவைக்கிறார்கள். அப்படியென்றால் அதே கரண்ட்தான். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கையை வைத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. உடம்பெல்லாம் சிலந்தி ஊர்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஸார் என் பின்னலை அவிழ்க்கச் சொன்னார். கரண்ட் ஏறினால் முடி எழும்பி நிற்கவேண்டுமாம்; அவிழ்த்தும் எழும்பவில்லை. பிசுபிசுவென்று கொத்துக்கொத்தாகத் தொங்கியது. ஸார் ஒரு கொத்தைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்துவிட்டு மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"எண்ணெயா?"

கேமராக்காரர்கள் சிரித்தார்கள். மாமாவின் முகம் சுருங்கிப்போயிற்று. தலைக்குக் குளித்து, காய்ந்த பிறகு மறுபடி எடுக்கலாம் என்றார் ஸார்.

பிழைத்தேன் என்று நினைத்தவளுக்கு, இரண்டாம் தடவையும் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. மேக்கப் போடும் அம்மாள் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் சீயக்காயைத் தேய்த்து அலசினாள். நான் அழுவதைப் பார்த்து, "கைக்கு ரோதி? டரோ நக்கோ" என்றாள். ஏன் அழுகிறாய், பயப்படாதே என்றுதான். பயப்படாமல் இருப்பது எப்படி என்று அவள் சொல்லவில்லை.

இடுப்பளவு முடி காய்வதென்றால் லேசா? வெயிலில் உட்காரவைத்தார்கள். கடைசியில் என்னை உள்ளே கூப்பிட்டபோது, இரண்டு பெரிய விளக்குகளுக்கு நடுவில், இருட்டில் அப்பா நின்றிருந்தார்.

ஷிப்டு முடிந்து வந்தவரிடம் அம்மா சொல்லிவிட்டிருக்கிறாள். பட்டறைக் காக்கி உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். விளக்கு ரிப்பேர் செய்கிற ஆள் என்று நினைத்துக் காவல்காரன் உள்ளே விட்டுவிட்டான். கையில் அந்த மூங்கில் கம்பு.

முன்னால் கரண்ட், பின்னால் கம்பு. அப்பா மாமாவிடம் ஏதோ கேட்டார். மாமா ஸாரைக் காட்டினார். ஸார் சிரித்துக்கொண்டே கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அப்பா "சரிங்க ஸார், சரிங்க ஸார்" என்றார். ஆனால் கம்பைக் கீழே வைக்கவில்லை.

முக்காலியில் ஏறினேன். வேண்டாம் என்று ஒரு தலையசைப்பு வருமா என்று அவரைப் பார்த்தேன். அவர் ஓர் அடி முன்னால் வந்து, கம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தோள்வரை தூக்கினார். தொட்டால் அடி. தொடாவிட்டால் மாமாவுக்கு வேலை போய்விடும். ஸார், "பயம் லேதம்மா, பெட்டு" என்றார், பயமில்லை, வை என்று. கையை வைத்தேன்.

இந்தத் தடவை முடி ஒவ்வொன்றாக எழும்பியது. காதோரம், நெற்றி, உச்சி எல்லாம். சாமி வந்தவள் மாதிரி தலை விரிந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். ஸார் மடமடவென்று பேசிக்கொண்டே போனார். எனக்கு ஒரு சொல் காதில் விழவில்லை. என் கண் கம்பு நுனியிலேயே இருந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

மிஷின் நின்றது. ஸார் ஒரு கம்பியால் உருண்டையைத் தொட்டு, இனி கையை எடுக்கலாம் என்றார். என் கை வரவில்லை. மாமா வந்துதான் விரல்களைப் பிரித்துவிட்டார். அப்பா கம்பை இறக்கினார். அந்தக் குளிரிலும் அவருடைய காக்கிச் சட்டை முதுகில் தொப்பலாக நனைந்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா கம்போடு நிற்பதைப் பார்த்து கண்டக்டர், "எருமை எங்க சாப், பின்னாடி வருதா?" என்று இந்தியில் கேலி செய்தார். அப்பா என் கையை எடுத்து விரல்விரலாகத் திருப்பிப் பார்த்தார்.

"சுட்டுச்சா?"

"இல்லப்பா."

வீட்டுக்குப் போனதும் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. டி.வி.யில் வந்த அன்று, காலனியில் டி.வி. இருந்த ஒரே வீட்டில் எல்லோரும் கூடினார்கள். என் தலை சிலிர்த்து நின்றதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொஞ்சநாள் என் பெயரே கரண்ட் பாப்பா. அப்பா மட்டும் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். இன்றைக்குத்தான் அந்த அடி என்று நான் அம்மாவின் மடியை விட்டு நகரவில்லை.

மாமாவுக்கு வேலை நிரந்தரம் ஆயிற்று. கம்பு மீட்டர் பெட்டிக்குக் கீழே தன் இடத்துக்குப் போயிற்று. அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு முதுகு கூசும். கல்யாணமாகிப் போகிறவரை கூசியது.

பிறகு நானும் என் வீட்டுக்காரரும் செகந்திராபாத்திலேயே லோத்குண்டாவில் குடியிருந்தோம். ஒரு நாள் மாவரைக்கிற கிரைண்டரில் கரண்ட் பாய்ந்து என் மகனின் கை ஒட்டிக்கொண்டது. அவனுக்குச் சத்தம் வரவில்லை. உடம்பு மட்டும் உதறியது. நான் பிடித்து இழுக்கப் போனேன். பக்கத்து வீட்டம்மாள் ஜன்னலிலிருந்து கத்தினாள். "தொடாதே! தொட்டா நீயும் போயிடுவே! கட்டையால அடி!"

சுவரில் சாத்தியிருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். கை விடுபட்டு விழுந்தான். மூச்சு வந்ததும் வீங்கின கையைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தான்.

"கைக்கும்மா, ஏன் அடிச்சே? நான் என்ன பண்ணேன்?"

வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அப்பா அப்போது உயிரோடு இல்லை.

அந்தக் கம்பு எனக்காகத்தான் ஸ்டுடியோவுக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேனே, அது சரிதான். எதற்காக வந்தது என்பதுதான் அந்த வயதில் தெரியவில்லை.