தாசையனின் அயர்லாந்து மேசை

கட்டில் அட்டைப்பெட்டியில் வந்தது. பெங்களூரில் இருக்கும் மகன் போனிலேயே பார்த்து, போனிலேயே வாங்கி, நாகர்கோவிலில் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்க வைத்துவிட்டான். இரண்டு பேர் வந்தார்கள். நான் டீ போட்டு முடிப்பதற்குள் திருகாணிகளை முடுக்கிக் கட்டிலை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். டீயை நானே குடித்தேன். அன்றிலிருந்து அறையில் ஒரு பசை நாற்றம். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையின் நாற்றம். ஜன்னலைத் திறந்து போட்டும் போகவில்லை. அதில் படுத்துக்கொண்டு, பழைய மேசைகளின் அடியில் தலையை நுழைத்து மோந்து திரிந்த என் இளவயசை நினைத்துக்கொண்டேன்.

நிஜமாகவே மோந்து திரிந்தேன். பி.ஏ. முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தபோது, என் பெரியம்மை மகன் எட்வின் அண்ணன் தன் கடைக்குக் கூப்பிட்டார். மார்த்தாண்டம் சந்திப்பைத் தாண்டி, பஸ் புகை நேரே உள்ளே வந்து உட்காரும் கடை. பழைய வீட்டுச் சாமான்களை வாங்கி விற்பது தொழில். வாங்குகிறவர்கள் கொச்சியிலிருந்து வருவார்கள். சில சமயம் வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள். அவர்களோடு இங்கிலீஷ் பேசுவது என் வேலை. என் இங்கிலீஷ் எழுதினால் நன்றாக இருக்கும். பேசினால் இரண்டு பக்கமும் வியர்த்துவிடும்.

பழசு எது, பழசாக்கியது எது என்று பிரித்தறிவதுதான் அந்தத் தொழிலில் பாதி. மேலே பார்த்துப் பயனில்லை. மேலே எல்லோரும் பாலிஷ் போடுவார்கள். அடியில் பார்க்கவேண்டும், பின்புறம் பார்க்கவேண்டும், இழுப்பறையை முழுக்க உருவி எடுத்து மோந்து பார்க்கவேண்டும். வட்டமேசை நூறு வருஷம் பழசானால் வட்டமாக இருக்காது, தெரியுமோ? மரம் ஒரு பக்கமாகச் சுருங்கி லேசான முட்டை வடிவம் வந்துவிடும். இதையெல்லாம் படித்துத் தெளிந்த கர்வத்தில், நானே தனியாகப் போய் ஒரு சாய்வு நாற்காலி வாங்கி வந்தேன். எட்வின் அண்ணன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு துணியை நனைத்து ஒரு காலைத் துடைத்தார். துணி டீ நிறமானது. டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கிய நாற்காலி.

"ஏட்டி, இதுக்கு ஒன்னவிட வயசு கம்மி" என்றார். கோபப்படவில்லை. கடையில் உட்காருவதற்கு அந்த நாற்காலியையே எனக்குக் கொடுத்துவிட்டார். கடைசிவரை அதில்தான் உட்கார்ந்தேன்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. அயர்லாந்து மேசை. எப்போதோ வந்த ஒரு வெள்ளைக்காரர் கனமான படப்புத்தகம் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார், முழுக்க அயர்லாந்துத் தட்டுமுட்டுச் சாமான்கள். எழுத்தை நான் வாசிப்பேன், படத்தை அவர் பார்ப்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் இதுதான். மற்ற தேசத்து மேசைகளை விட அந்த ஊர் மேசைகளில் கொஞ்சம் முரட்டுத்தனம் அதிகம். பலகைக்குக் கீழே முன்பக்கச் சட்டம் ஆழமாகத் தொங்கும். நடுவில் சிங்கமுகம், இல்லாவிட்டால் சிப்பி. பாதங்கள் ரோமம் செதுக்கிய மிருகப் பாதங்கள். மரமோ கறுத்துப்போன மகோகனி. "ஒருக்க தொட்டுப் பாத்தாப் போதும் மக்கா" என்பார். எங்கள் பக்கத்துக்கு அது எப்படி வரும் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் புத்தகத்தை மூடிவிடுவார் என்று பயம்.

வந்திருந்தது. குலசேகரத்திலிருந்து ஒரு ரப்பர் வியாபாரி வந்து, காட்டோரமாக ஒரு வீட்டில் சிங்கமுகம் போட்ட மேசை இருக்கிறது, அந்த அம்மா உங்களைக் கூட்டி வரச் சொன்னாள் என்றார். எட்வின் அண்ணன் அப்போதே கடையைப் பூட்டினார்.

அந்த அம்மாவின் பெயர் ஞானம்மை. அறுபது வயதிருக்கும். ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவள். வீட்டுக்குள்ளும் அந்தப் புகைமணம் இருந்தது. தனியாக இருந்தாள். ஓடு வேய்ந்த சின்ன வீட்டின் முன்னறையை அடைத்துக்கொண்டு, ஜன்னலை மறைத்து, வெள்ளைத் துணி மூடிய மேசை. அதன்மேல் ஒரு தம்ளர்கூட இல்லை. எங்களுக்குத் தரையில் பாய் போட்டுப் பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தாள்.

"இது விக்கதுக்கு இல்ல, தம்பி" என்றாள். "எங்க உள்ளதுன்னு பாத்துச் செல்லணும். அதுக்காக்கும் வரச் சொன்னது." சொல்வது எங்கள் பக்கத்துப் பேச்சில் செல்லுவது.

விஷயத்தை அவள் அலுங்காமல் சொன்னாள், பல தடவை சொல்லித் தேய்ந்த மாதிரி. அவள் அப்பா தாசையன், எஸ்டேட் பங்களாவில் சமையல்காரர். அங்கே இருந்த துரை, இங்கிலீஷ்காரன் என்று யாராவது சொன்னால் கோபப்படுவாராம்; "அயலந்து, அயலந்து" என்று திருத்துவாராம். அவர் எஸ்டேட்டை விட்டு ஊருக்குப் போகும்போது, தன் வீட்டிலிருந்து கப்பலில் வந்த மேசையைத் தாசையனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வாயால் கொடுத்ததுதான். அடுத்து வந்த மேனேஜர், இது எஸ்டேட் பட்டறையில் ஆசாரி செய்த மேசை, எஸ்டேட் சொத்து, களவு போயிருக்கிறது என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டால் வேலையில் இருக்கலாம் என்றும் சொன்னார்.

"அப்பா குடுக்கேல. திருப்பிக் குடுத்தா களவெடுத்ததுன்னு ஆயிரும்லா. வேல போச்சு. சாவது வரைக்கும் ஊருல மேசைக்கள்ளன்னுதான் பேரு. எனக்கு வந்த ஆலோசன ரெண்டும் அதுலதான் போச்சு."

அவள் சொன்ன ஆலோசனை, கல்யாண ஆலோசனை.

எட்வின் அண்ணன் உடனே துணியைத் தூக்கவில்லை. "அக்கா, எஸ்டேட்டுல செஞ்சதா இருந்தா அதையும் செல்லுவேன். பொறவு வெசனப்படப்பிடாது" என்றார்.

"வெசனத்துக்கு இனி என்ன இருக்கு? பாருங்க."

துணியை எடுத்தார். சிங்கம் வாயைத் திறந்தபடி இருந்தது. கால்களில் ரோமம், பாதங்களில் நகம். புத்தகத்தில் பார்த்துப் பார்த்துப் பழகிய முகம், குலசேகரத்தில் ஒரு ஓட்டுவீட்டில். அயர்லாந்து என்ற சொல் எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணன் கையை உயர்த்தி என்னை அடக்கினார். சிங்கத்தை எங்கள் ஊர் ஆசாரியும் படம் பார்த்துச் செதுக்கிவிடுவார். கோயில் யாளி செதுக்கிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை.

அண்ணன் என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு மேசைக்கடியில் மல்லாந்து படுத்தார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. ஞானம்மை சுவரில் சாய்ந்து நின்று அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ்டேட் பட்டறைச் சாமான்கள் எங்களுக்கு நல்ல பழக்கம், பத்துப் பதினைந்து வாங்கி விற்றிருக்கிறோம். உள்சட்டமெல்லாம் அயினி மரமாக இருக்கும், அல்லது தேக்கு. பின்பக்கம் எஸ்டேட் முத்திரையைச் சூடு போட்டிருப்பார்கள். அண்ணன் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார். நானும் படுத்து நகர்ந்து போனேன். கத்திமுனையால் உள்சட்டத்தில் மறைவாக ஒரு இடத்தைச் சுரண்டி, "மோந்து பாரு" என்றார்.

அயினி மணம் இல்லை. பலா இல்லை, தேக்கு இல்லை. எனக்குத் தெரிந்த எந்த மரமும் இல்லை. வெளிறிய, மிருதுவான மரம். தூரத்தில் எங்கோ குங்கிலியம் புகைந்த மாதிரி ஒரு மணம். கரையான் நிறைந்த இந்த ஊரில் இப்படி ஒரு மரத்தை உள்ளே வைத்து எந்த ஆசாரியும் மேசை செய்யமாட்டார். முத்திரையும் இல்லை, அதைச் செதுக்கி எடுத்த தடமும் இல்லை. குளிர்தேசத்து மரம்.

அண்ணன் வெளியே வந்து தூசியைத் தட்டிக்கொண்டார். "அக்கா, இது இஞ்ச செஞ்சதில்ல. அவிய ஊருல செஞ்சது. ஒங்க அப்பா செல்லினது சத்தியம்."

ஞானம்மை அழவில்லை. நான் அழுவாள் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன், மடத்தனம். அவள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "கள்ளன்னு செல்லினவனுவ ஒருத்தனும் இப்ப இல்ல. எல்லாவனும் செத்தாச்சு. நான் யாருகிட்ட போய்ச் செல்ல?" என்று கேட்டாள்.

ஆறிப்போன சாயாவைக் குடித்தோம்.

புறப்படும்போதுதான் அவள் சொன்னாள். "எடுத்துட்டுப் போங்க, தம்பி."

அண்ணனுக்கு விளங்கவில்லை. விற்பதற்கில்லை என்றீர்களே என்றார்.

"இதுக்கு முன்ன வித்திருந்தா களவுமொதல வித்தாள்னு பேராகும். அதுக்காக வச்சிருந்தேன். இனி எனக்கு இது எதுக்கு? காலம்பற எழும்பினா இதுக்க மூஞ்சி. நான் ஒரு நாளும் இதுல இருந்து கஞ்சி குடிச்சதில்ல. விக்கும்போ தாசையனுக்க மேசைன்னு செல்லி வித்தாப் போதும்."

அண்ணன் விலை குறைக்கப் பார்க்கவில்லை. மறுநாள் வேன் கொண்டு போய் எடுத்து வந்தோம்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை பிடிபடாதது. ஆசைப்பட்ட மேசை கடைக்குள் வந்து நின்றது, அண்ணன் உள்ளுக்குள் வெறுமையாகிப்போனார். முதல் வாரம் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. படப்புத்தகத்தை எடுக்கவில்லை. சாமான் இருக்கிறது என்று ஆள் வந்து சொன்னால், "நீ போய்ப் பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார். தேடியது கிடைத்தவனுக்கு இப்படி ஒரு அலுப்பு வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது கொஞ்சம் தெரிகிறது.

கொச்சிக்காரர் ஒருவர் வந்து வாங்கினார். பாதத்து ரோமங்களைத் தொட்டுத் தொட்டுப் படம் எடுத்தார். "இது தாசையன்னு ஒருத்தருக்க மேசை" என்றார் அண்ணன். "ஓகே, ஓகே" என்றார் அவர், சிங்கத்தின் வாய்க்குள் பார்த்தபடி. அண்ணன் மறுபடி சொன்னார். லாரியில் ஏற்றிக் கயிறு கட்டும்போது டிரைவரிடமும் போய்ச் சொன்னார். டிரைவர் மட்டும் நிமிர்ந்து, "ஆரு, சாரே, அந்த தாசையன்?" என்று கேட்டார். அண்ணன் ரோட்டோரம் நின்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். பஸ் ஹாரனில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பலகாரத்தோடு ஞானம்மையைப் பார்க்கப் போனேன். மேசை நின்ற இடத்தில் பாய் விரித்திருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது, மலைக்காற்று உள்ளே வந்தது. "இத்தற நாளும் காத்து இங்ஙனதான் அடிச்சிருக்கு, பாத்தியா. நான் அறியேல" என்றாள். பகல் முழுக்க அங்கேதான் படுத்துக்கிடப்பதாகச் சொன்னாள்.

இப்போது மார்த்தாண்டத்தில் எங்கள் கடை நின்ற இடத்துக்கு மேலே பாலம் போகிறது. கடை இருந்த கட்டடம் இல்லை. எட்வின் அண்ணன் இல்லை. ஞானம்மை போன பிறகு, யாரோ தூரத்து உறவினர் அந்த வீட்டை விற்றார்கள். வாங்கியவர் ஓட்டைப் பிரித்து, சுவரைத் தள்ளி, அன்னாசி நட்டார். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு அந்த வழியாகப் போனேன். அன்னாசியையும் பிடுங்கி, புது ரப்பர் கன்று வைத்திருந்தார்கள். வீடு நின்ற இடம் எதுவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. காரை நிறுத்தச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.