படத்தின் கீழே எழுதிய நேரம்

கல்லூரியில் புகைப்படக்கலை படித்த முதல் வருடம், ஆம்பூரின் காலை நேரத்தைத் தொடராகப் படம் எடுத்துவந்தேன். ஒவ்வொரு படத்தின் கீழும் இடம், கிழமை, மணி எழுதி இன்ஸ்டாகிராமில் போடுவேன். நிமிடம்கூடத் தவறாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஷூ கம்பெனி ஒன்றின் வாசலில் காத்திருந்த பெண்களில் ஒருவர் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் படத்துக்குப் பாராட்டு குவிந்தது. மறுவாரம் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். அவர் அதே வாசலில் நின்றிருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்து நீட்டினேன்.

"நீதானா அது? இன்னாப்பா, மணிகூடவா போடுவே? நான் வேற கம்பெனில தையல் மிஷின்ல இருந்தேன். ஜுரம்னு லீவு சொல்லிட்டு இங்க வேலை கேட்டு வந்தேன். எங்க சூப்பர்வைசர் உன் படத்தக் காட்டி, 'ஜுரம் வந்தா இப்படித்தான் சிரிப்பியாம்மா?'ன்னு கேட்டு, வேலைய விட்டு அனுப்பிட்டாரு."

"இங்க கிடைச்சுதாக்கா?"

"கிடைச்சிருந்தா உள்ள இருக்க மாட்டேனா? தினம் வந்து நிக்கறேன்."

"இப்பவே அழிச்சிடறேன்க்கா."

"அழி. அழிச்சா அவரு கூப்பிட்டு வேலை குடுப்பாரா?" பிரிண்டை இன்னொரு முறை பார்த்தார். "படம் மட்டும் நல்லாத்தான் எடுத்திருக்கே" என்று பையில் வைத்துக்கொண்டார்.

அங்கேயே நின்று அந்தப் படத்தை நீக்கினேன். எடுத்த அன்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். செவ்வாய்க்குப் பதில் ஞாயிறு என்று தவறாக எழுதியிருந்தால்கூட அவருக்கு வேலை இருந்திருக்கும்.