பாதி பட்ட பலா

எங்கள் கொல்லையில் நின்ற பலாமரம் ஒரே வருடத்தில் பட்டுப்போகவில்லை. அப்படிப் போயிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு ஆளை வைத்து வெட்டியிருப்பேன். அது மூன்று வருடம் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று வருடமும் வீட்டில் எந்தப் பேச்சு தொடங்கினாலும் கடைசியில் அந்த மரத்தில் போய் முட்டி நின்றது.

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் இருபத்திரண்டு வருடமாகக் குவைத்தில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். ஆக, வீட்டில் இருப்பது நானும் என் மாமியாரும்தான். அவரை நான் மாமி என்று கூப்பிடுவேன்.

மரம் என் மாமனார் வைத்தது. நான் கல்யாணமாகி வந்தபோதே அது ஓட்டுக்கு மேலே உயர்ந்துவிட்டது. பிறகு ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டினோம். மாமியின் அறை ஜன்னலுக்கும் மரத்துக்கும் நடுவே பத்தடிதான் இருக்கும். கொல்லைக்குப் பின்னால் முன்பு வயல். குறுவை, தாளடி என்று இரண்டு போகம் விளைந்த நிலம். அதை யாரோ வாங்கி, மண்ணடித்து மேடாக்கி, கல் நட்டு பிளாட் போட்டார்கள். அந்த ஐப்பசியில் பெய்த மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் கொல்லைக்குள் திரும்பியது. இருபது நாள் கணுக்கால் தண்ணீர். பலாவுக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

போதாதற்கு, அதற்கு முந்தைய லீவில் வந்திருந்த என் கணவர், அம்மா வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று கொல்லை முழுக்கச் சிமெண்ட் தளம் போட்டிருந்தார். மரத்தின் அடியைச் சுற்றி ஒரு முழம் மண்கூட விடவில்லை. "இப்பத்தான் பாக்க நீட்டா இருக்கு" என்று நானும்தான் சொன்னேன். அதை இங்கே மறைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

தை மாதத்தில் கிழக்குப் பக்க இலைகள் மஞ்சளித்தன. மாசியில் கொட்டத் தொடங்கின. பலா இலை கொட்டினால் கூட்டுவது லேசில்லை. கனமான இலை. தளத்தில் விழுந்து காய்ந்து, மிதித்தால் அப்பளம் போல நொறுங்கும். காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு கூடை, மாலையில் வந்ததும் ஒரு கூடை. கிழக்குக் கிளைகளின் நுனியில் பென்சில் பருமனுக்குக் குச்சிகள் மட்டும் நின்றன.

மாமி முதல் மாதமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வெட்டிடும்மா. என் தலைமாட்டுல நிக்குது. ஒரு காத்து அடிச்சா அது என் மேலதான் விழும்."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் என் கணவர் வீடியோவில் பேசுவார். அன்று போனைக் கொல்லைக்குக் கொண்டுபோய் மரத்தைக் காட்டினேன்.

"இந்தப் பக்கம் பச்சையாத்தானே இருக்கு?" என்றார்.

"அந்தப் பக்கம் பாருங்க."

"அது இலை உதிர்ற சீசன். அத்தா வெச்ச மரம். அதுல கை வைக்காதே."

அவருக்குத் தெரிந்தது போன் திரையில் தெரிந்த மரம். அதில் பட்டை வெடித்து வழிந்த கருப்பு நீர் தெரியாது. நான் குனிந்து கூட்டுவதும் தெரியாது. "நீங்க வந்து பாருங்க" என்றேன். "இந்தத் தடவை லீவு சரியா கிடைக்க மாட்டேங்குதே" என்றார். பேச்சு மகளின் பரீட்சைக்குப் போய்விட்டது.

அடுத்த மார்கழியில் மரம் காய்த்தது. அதற்கு முன் எந்த வருடமும் அப்படிக் காய்த்ததில்லை. தூரிலிருந்து கிளை கவை வரைக்கும் இடைவெளி இல்லாமல் பிஞ்சு. என் கணவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா? இந்த மரத்தைப் போய் வெட்டணும்னீங்களே!" அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். பாதிப் பிஞ்சு கறுத்து உதிர்ந்தது. மீதி சித்திரையில் பழுத்தது; சாப்பிட நாங்கள் இரண்டே பேர். தெருவெல்லாம் கொடுத்தேன், ஸ்டாஃப் ரூமுக்குச் சாக்கில் கட்டிக்கொண்டு போனேன். கைக்கெட்டாத உயரத்தில் பழுத்தவை தளத்தில் விழுந்து சிதறின. கொல்லைக் கதவைத் திறக்க முடியாத அளவுக்கு ஈ.

அந்த ஈயோடு மல்லுக்கட்டிய ஒரு நாளில்தான் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி ஒரு சின்ன வயதுப் பெண். மறுநாளே ஸ்கூட்டியில் வந்து பார்த்தார். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தூரைச் சுற்றி வந்து, நகத்தால் பட்டையைச் சுரண்டி, உள்ளே பழுப்பாக இருந்ததைக் காட்டினார்.

"வேர் அழுகுது மேடம். இவ்ளோ காய்ச்சது நல்லதுக்கில்ல. சாகப்போறோம்னு மரத்துக்குத் தெரிஞ்சா விதையை விட்டுட்டுப் போகப் பாக்கும்."

"அப்ப வெட்டிரலாமா?"

"மேற்குப் பக்கம் நல்லாத்தான் இருக்கு. முயற்சி பண்ணிப் பாக்கலாம்."

"பொழைக்குமா?"

"சொல்ல முடியாதுங்க."

கணக்கு டீச்சரிடம் சொல்லக்கூடிய பதிலா அது? ஆனால் அவர் சொன்னபடியெல்லாம் செய்தேன். கோடை விடுமுறையில் ஆள் வைத்துத் தூரைச் சுற்றி ஆறடிக்குச் சிமெண்டை உடைத்தேன். தண்ணீர் வெளியேற வாய்க்கால் வெட்டினேன். காய்ந்த நுனிகளைக் கழித்து, வெட்டிய இடங்களில் மருந்துப் பசை பூசச் சொன்னேன். பூஞ்சை மருந்தை வாளியில் கரைத்து நானே வேரில் ஊற்றினேன். மாமி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "சாவுற மரத்துக்கு இம்புட்டு வைத்தியமா" என்பார். போனில் என் கணவர், "சிமெண்டை ஏன் உடைச்சே? அம்மா விழுந்தா என்ன பண்ணுவே?" என்பார். இரண்டு பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அந்த மரத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

புரட்டாசியில் மேற்குக் கிளையில் புதுத்துளிர் விட்டது. செம்பழுப்பு கலந்த இளம்பச்சை. அதைப் பார்த்து நான் கொல்லையில் நின்று தனியாகச் சிரித்தேன். ஒரு மாதம்தான். மழை வந்தது. பிளாட்டிலிருந்து இறங்கிய தண்ணீருக்கு நான் வெட்டிய வாய்க்கால் போதவில்லை. மறுபடியும் கொல்லையில் தண்ணீர் நின்றது. பொங்கலுக்குள் கிழக்குப் பாதி முழுவதும் பட்டுப்போனது. மேற்குப் பாதி மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி பச்சையாக நின்றது.

மரம் வெட்டுகிறவர் பக்கத்துக் கிராமத்துக்காரர். மெஷின் ரம்பம் வைத்திருந்தார். அவரை மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் திருப்பி அனுப்பினேன். முதல் முறை அவர் கயிற்றைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் குவைத்திலிருந்து போன் வந்தது. இரண்டாம் முறை, பட்ட பாதியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன். "ஒரு பக்கம் எடுத்தா பாரம் இன்னொரு பக்கம் சாயும். மேக்கால ஒங்க வீடுதான் இருக்கு" என்றார். மூன்றாம் முறை அவரே சலித்துக்கொண்டார்.

"டீச்சர், வீட்டுல பேசி ஒரு முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க. பட்ட மரம் நாளாக ஆக நொறுநொறுன்னு ஆயிரும். அப்புறம் நானும் ஏற மாட்டேன், வேற எவனும் ஏற மாட்டான்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள், மணிக்கு நாற்பது முடிவு எடுக்கிறவள் நான். சொந்தக் கொல்லையில் ஒரு மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லை. அதைவிடக் கசப்பானது, அந்த வருடம் முழுக்க யாரும் என்னிடம் "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை வெட்ட வேண்டும் என்று தோன்றும். வியாழக்கிழமை அந்தப் பச்சையைப் பார்த்தால் மனசு வராது.

ஆடிக் காற்றில் ஒரு பகல் பொழுது, லுஹர் தொழுகைக்கு மாமி கொல்லைக் குழாயில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு உள்ளே வந்து முசல்லாப் பாயை விரித்திருக்கிறார். பின்னால் இடி விழுந்த மாதிரி சத்தம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். ஓடி வந்து பார்த்தால், கிழக்குக் கிளை ஒன்று முறிந்து குழாய் மேடையை உடைத்துக்கொண்டு கிடக்கிறது. மாமி உட்கார்ந்த பிளாஸ்டிக் முக்காலி நசுங்கிக் கிடந்தது. மாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நான் சொன்னேன்ல" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "தண்ணி கொடும்மா" என்றார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்று நானே என் கணவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அப்படிக் கத்தியதில்லை. "ஒங்க அம்மா செத்திருப்பாங்க! மரம் வேணுமா, அம்மா வேணுமா?" "லீவு போடறேன். வந்து பாத்துக்கறேன்" என்றார்.

புரட்டாசியில் வந்தார். வந்த அன்றே கொல்லைக்குப் போய்த் தூரில் கை வைத்து நின்றார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். கிழக்குப் பக்கம் பானையைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது. அவர் முகம் வாடியது. சரி, இவரே முடித்துவிடுவார் என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு வாரம் போனது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம், தஞ்சாவூரில் பேங்க் வேலை, திருவையாற்றில் நண்பர் வீடு. "மரம்?" என்று கேட்டால், "பாக்கலாம்". மாமி கேட்டாலும் "பாக்கலாம்மா". சாயந்திரமானால் அந்த மரத்தடியில் நாற்காலியைப் போட்டுத் தேத்தண்ணி குடிப்பார். பாதி மரத்துக்குக் கீழே, பச்சை இருந்த பக்கமாகப் பார்த்துத்தான் உட்காருவார்.

நாற்பதாம் நாள் கார் வாசலில் நின்றது. பெட்டிகளை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்: "அந்த மரம்... நீயே பாத்து ஒரு முடிவு பண்ணிக்க."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? மூன்று வருடம் கை வைக்காதே என்றவர். கண்ணால் பார்த்து, கையால் தட்டியும் பார்த்தவர். வெட்டு என்று சொல்லும் பாவத்தை என் தலையில் வைத்துவிட்டு விமானம் ஏறப்போகிறார். "சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? வாசலில் மாமி கையேந்தி துஆ செய்துகொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமையே மெஷின்காரரை வரச் சொன்னேன். "இந்தத் தடவை நெசமாவா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார். இரண்டு ஆட்களோடு வந்து கயிறு கட்டினார். அவ்வளவு நாள் வெட்டு, வெட்டு என்ற மாமி, முதல் கிளை இறங்கியதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மதியச் சோறு வேண்டாம் என்றார். நான் மட்டும் கொல்லைக் கதவில் நின்று கடைசி வரைக்கும் பார்த்தேன். யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் அல்லவா?

தூரை அறுத்ததும் கிட்டப் போனேன். ஒரு பாதி கருத்து, கையால் பிடுங்கினால் வரும்படி மக்கிப்போயிருந்தது. மறுபாதி மஞ்சள். நல்ல, கெட்டியான, ஈர மஞ்சள். பால் பொட்டுப் பொட்டாகக் கசிந்தது.

"இது பொழைச்சிருக்குமா?" என்று கேட்டேன்.

மெஷின்காரர் தூரைக் காலால் தட்டினார். "நிக்குற வரைக்கும் நின்னுருக்கும்" என்றார். கூட வந்தவர், "வர்ற மழைக்கே விழுந்திருக்குமுங்க, சும்மா இருங்க" என்றார். எனக்கு இரண்டும் போதவில்லை. முதல் வருடமே சிமெண்டை உடைத்திருந்தால் என்ற நினைப்புத்தான் நெஞ்சில் முள்ளாக நின்றது. அதை யாரிடம் சொல்லிச் சண்டை போடுவது?

அடுத்த வெள்ளிக்கிழமை அவர், "காட்டு" என்றார். போனைக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். வெறும் வானம், பிளாட் கல், வெட்டுப்பட்ட தூர். நெடுநேரம் பார்த்தார். "அம்மா ரூம்ல வெயில் அடிக்குமே" என்றார். பிறகு, "கட்டையை யாருக்கும் குடுத்துடாதே. நல்ல பலா. அடுத்த லீவுல வந்து என்ன செய்யலாம்னு பாக்கலாம்" என்றார்.

மாமியோ, கரையான் ஏறும், உடனே எடுத்துவிடு என்றார்.

நான் போனை வைத்தேன். பள்ளிக்கூடத்துக்கு மேசை செய்து தரும் ஆசாரிக்கு அப்போதே பேசினேன். திங்கட்கிழமை காலையில் வந்து, மஞ்சள் பாதியைப் பலகையாக அறுத்து எடுத்துக்கொண்டு போனார். மக்கிய பாதியை விறகுக்குக் கொடுத்தேன். இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. மாமி மட்டும் ஜன்னலிலிருந்து, "அதுல என்னம்மா செய்யப்போறே?" என்று கேட்டார்.

"எனக்கு ஒரு மேசை" என்றேன்.