சம்பந்தம் சார் சுவரில் போட்ட கோடுகள்

செவ்வாய்க்கிழமை முதல் மணி அடித்த நேரத்தில் அலுவலகத்துக்குப் போன் வந்தது. "சம்பந்தம் சார் தவறிட்டாராம்," என்றார் பியூன். எங்கள் பள்ளியின் புவியியல் வாத்தியார். போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஏழாம் வகுப்புச் சுவர்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய அட்லஸ் ஞாபகம் இருக்கும். அதில் பெட்ரா என்ற பெயருள்ள பழைய ஊர்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருப்பார்: ஜோர்டானில் ஒன்று, கருங்கடல் ஓரம் ஒன்று, கிரேக்கத் தீவில் ஒன்று. கிரேக்கத்தில் பெட்ரா என்றால் பாறை. "எந்த பாஷைக்காரனும் பாறையைப் பார்த்துதான் ஊருக்குப் பேர் வெச்சிருக்கான். பாறையே பூட்டா, பேரா ஊரைத் தாங்கும்?" என்பார். எங்கள் ஊர்ப் பெயரிலும் பாறை உண்டு. பள்ளிக்குப் பின்னால் நின்ற அந்தப் பாறையில் பாதியைக் கல்குவாரி தின்றுவிட்டிருந்தது.

தினமும் பன்னிரண்டு மணிக்கு வெடி வைப்பார்கள். எச்சரிக்கை விசில் கேட்டதும் பாடத்தைப் பாதியில் நிறுத்தி, பிள்ளைகளைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப் போய்விடுவார். வேட்டுக்குப் பயந்த வாத்தியார் என்று சக வாத்தியார்கள் கேலி செய்தோம், நானும்தான். ஏழாம் வகுப்புச் சுவரில் விரிசல் விட்டபோது, அதன் நுனியில் மாதாமாதம் அதே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார்.

"பூசிவுட்டா தீர்ந்துச்சு. எதுக்கு சார் பேஜாரு?" என்றார் தலைமையாசிரியர்.

"பூசினா நம்ம கண்ணுக்குத் தெரியாது. சுவத்துக்குத் தெரியும்," என்றார் இவர்.

அந்த வகுப்பை மூடச் சொல்லி மனு எழுதினார். முதல் கையெழுத்து என்னுடையது. நான் கேட்டிருந்த ஊரப்பாக்கம் மாறுதல் கெட்டுவிடும் என்று யாரோ சொல்ல, மறுநாளே போய் என் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் அடித்தார்கள். மனு தலைமையாசிரியர் மேசையைத் தாண்டவில்லை, மாறுதலும் வரவில்லை. சார் பென்சிலை எடுத்துக்கொண்டு மறுபடி சுவருக்கே போனார்; என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஓய்வு பெற்ற பின்பும் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து கோடு போட்டுவிட்டுப் போனார்.

காரியமெல்லாம் முடிந்ததும் அந்த வகுப்புக்குப் போனேன். கடைசிக் கோடு பங்குனியில் போட்டது. விரிசல் அதைத் தாண்டி ஒரு சாண் நீண்டிருந்தது. அதனடியில் பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டுக்கு விசில் ஊதியது. எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"பையை எடுத்துகினு மரத்தடிக்கு வாங்க," என்றேன். "இனிமே கிளாஸு அங்கதான்."

மனுவை மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறேன். இம்முறை என் பெயர் மட்டும்தான், அடிக்கவில்லை. அவர் மனைவி கொடுத்த சிவப்புப் பென்சில் விரலளவு மிச்சமிருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு வந்தது அதுவும், கோடு போடுகிற அந்த வேலையும். நேற்று விரிசல் நுனியில் ஒரு கோடு போட்டேன். இன்று காலை விரிசல் அதைத் தாண்டியிருந்தது.